சின்னம்மாவின் சாலிக்கு இரண்டாம் தரம் பெயின்ட் அடித்தது

போன வருடம் ஆவணியில் பெயின்ட் அடித்த பிரேமை இந்த வருடம் வைகாசியில் மறுபடி சுரண்டத் தொடங்கினேன். இடையில் ஒரேயொரு மாரிதான் போனது. சீட்டுக்குக் கீழே, தகடும் தகடும் சேரும் இடத்தில், அம்மை போட்ட மாதிரி வரிசையாகக் கொப்புளங்கள். ஒன்றை ஊசியால் குத்தினேன். ஒரு துளி தண்ணீர் எட்டிப் பார்த்தது. பெயின்ட்டை நகத்தால் தள்ளியபோது அது ஈரத்தாள் மாதிரி உரிந்து வந்தது. அடியில் கறுப்பாகக் கறள்.

வண்டி ஹொண்டா சாலி என்ற சின்ன மோட்டார் சைக்கிள். 50 சிசி, 10 அங்குலச் சில்லு, 6 வோல்ட் பட்டரி. சின்னம்மா குடும்பநல உத்தியோகத்தராக இருந்த காலம் முழுக்க அதிலேதான் வீடு வீடாகப் போய் வந்தார். ஓய்வு பெற்ற பிறகு வண்டி என் வளவில் மூன்று வருடம் நின்றது. என் வீடு மட்டக்களப்பில் கல்லடியில், கடலுக்குக் கிட்ட. சின்னம்மா இருப்பது ஊறணியில். “மாமாங்கத் தீர்த்தத்துக்கு முதல் எனக்கு அது வேணும் மனே, கோயிலுக்கு நான் அதிலதான் போவன்” என்று இந்த முறை தவணை சொல்லிவிட்டார். மாமாங்கேஸ்வரர் தீர்த்தம் ஆடி அமாவாசையில். கையில் இரண்டு மாதம் இருந்தது.

போன தரம் நான் அவசரப்படவில்லை. கறளை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, சாண்ட் பேப்பர் போட்டு, வடிவாகக் கழுவி, காய வைத்து, பிரைமர் அடித்து, அதற்கு மேல் சிவப்பு அடித்தேன். அடித்த அன்று கண்ணாடி மாதிரி இருந்தது. அதனால்தான் இந்தக் கொப்புளங்கள் எனக்கு விளங்கவில்லை. இரசாயனவியல் படிப்பிக்கிற நண்பன் ஒருவன் வந்து பார்த்தான். பெயின்ட்டைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. “கடைசியாக எந்தத் தண்ணீரில் கழுவினாய்?” என்று மட்டும் கேட்டான்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர்.

அடுத்த நாள் அவன் சின்னச் சொட்டுப் போத்தல் ஒன்றில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் கொண்டு வந்தான். உயர்தரத்தில் எல்லோரும் செய்கிற பரிசோதனைதான்: தண்ணீரில் குளோரைட்டு இருந்தால் வெள்ளையாக வீழ்படியும். விறாந்தைத் திட்டில் நான்கு கிளாஸ் வைத்தோம். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீர், ஒன்றில் பட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர். நாலாவதில், சுரண்டிய பிரேமின் மேல் அதே பட்டரித் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றி, வழிந்ததை ஏந்தி எடுத்தது. ஒவ்வொன்றிலும் இரண்டு இரண்டு சொட்டு. கிணற்றுத் தண்ணீர் அந்த நொடியே பால் கலந்த மாதிரி வெளுத்தது. குழாய்த் தண்ணீரில் புகை போல ஒரு மெல்லிய கலங்கல். பட்டரித் தண்ணீர் தெளிவாக இருந்தது. பிரேமில் வழிந்த தண்ணீர் கிணற்றுத் தண்ணீரைவிடக் கூடுதலாக வெளுத்தது. அதைப் பார்த்தபோது வயிற்றுக்குள் என்னவோ செய்தது. போன வருடம் இந்த உப்புக்கு மேல்தான் நான் இரண்டு கிழமை வேலை செய்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். கல்லடி, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற ஒடுங்கிய மணல். எங்கள் கிணறுகளில் இருப்பது உப்புத் தண்ணீருக்கு மேல் மிதக்கும் ஒரு படை நல்ல தண்ணீர். மாரியில் அது தடிப்பாக இருக்கும், கோடை முற்ற முற்ற மெலியும். ஆவணியில் குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம். ஆனால் இரும்பில் பட்டுக் காய்ந்தால் தண்ணீர் போய்விடும், உப்பு நின்றுவிடும். அதற்கு மேல் பெயின்ட் அடித்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. பெயின்ட் படலம் தண்ணீரை முழுதாக மறிப்பதில்லை, ஆவியாக மெல்ல மெல்ல உள்ளே விடும். உள்ளே இருக்கும் உப்பு அந்த ஈரத்தை இழுத்துச் சேர்க்கும். ஊறுகாய்க்குத் தேசிக்காயை வெட்டி உப்புப் போட்டு வைத்தால் மறுநாள் நீர் விட்டிருக்குமே, அதே இழுவைதான். தண்ணீர் சேரச் சேரப் பெயின்ட் மேலே எழும்பிக் கொப்புளமாகும். உள்ளே கறள் தன் வேலையைப் பார்க்கும்.

அதனால் இந்தத் தரம் நிறத்தைப் பற்றி நான் யோசிக்கவேயில்லை. உப்பை எப்படி எடுப்பது என்பதுதான் திட்டம்.

கழற்றுவது ஒரு சனி, ஞாயிறு வேலை. ஒவ்வொரு படியையும் போனில் படம் எடுத்தேன். நட்டு, போல்ட் எல்லாம் யோகட் கப்களில் போட்டு, மேலே டேப் ஒட்டி எங்கே உள்ளது என்று எழுதினேன். என்ஜின் இரண்டு நீளப் போல்ட்டில் தொங்குவதுதான். அடியில் பழைய டயரை வைத்துக்கொண்டு உருவினால் ஒரு ஆளே இறக்கலாம். ஹேண்டில் கழுத்தைக் கழற்றும்போது மட்டும் கவனம் வேண்டும். உள்ளே சின்னக் குண்டுகள் தளர்வாகவே இருக்கும், இழுத்தவுடன் சிதறும். கீழே பெட்ஷீட் விரித்து, மேலே எத்தனை, கீழே எத்தனை என்று எண்ணி எழுதிக்கொண்டேன். பழைய குண்டுகளைத் திரும்பப் போடவில்லை, ஆனால் புதிது வாங்க எண்ணிக்கையும் அளவும் தேவை.

என்னைப் படுத்தியது பின் ஆர்மின் போல்ட். அது புஷ்ஷின் இரும்புக் குழாயோடு ஒன்றாகக் கறள் பிடித்து இறுகிக் கிடந்தது. மூன்று நாள் காலையும் பின்னேரமும் மசகுத் திரவம் அடித்தேன். நாலாம் நாள் புளோ லாம்பால் சூடாக்கி, ஆறவிட்டு, நட்டைப் பாதிவரை திரும்பப் பூட்டி, அதற்கு மேல் சுத்தியலால் தட்டினேன். நட்டை முழுதாகக் கழற்றிவிட்டுத் தட்டினால் போல்ட்டின் மரை நசுங்கிப்போகும், பிறகு அது துளைக்குள்ளால் வராது. அசைந்த அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது, ‘டிக்’ என்று ஒன்று, அவ்வளவுதான். ரப்பர் புஷ் எரிந்து போனது. அது எப்படியும் மாற்ற வேண்டியது.

பிரேமைக் கவிழ்த்தபோது இன்னொன்று தெரிந்தது. அடியில் தண்ணீர் வடிய இரண்டு துளைகள் இருக்கின்றன. இரண்டும் குளவிக் கூட்டு மண்ணால் அடைத்துக் கிடந்தன. கம்பியால் குத்தி எடுத்தேன். உள்ளே இருந்து ஒரு பேணி அளவுக்குச் செம்மண்ணும் கறளும் கொட்டியது. மூன்று வருடம் இந்த ஈர மண்ணை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டுதான் வண்டி நின்றிருக்கிறது. சாலி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே குனிந்து அந்தத் துளைகளைப் பாருங்கள்.

பழைய பெயின்ட்டை எடுக்க ஜெலி மாதிரியான பெயின்ட் ரிமூவர் பூசி, மேலே பொலித்தீன் சுற்றி, அரை மணி விட்டு மரத்துண்டால் வழித்தேன். தடித்த கையுறை, கண்ணாடி, திறந்த வெளி மூன்றும் கட்டாயம். ஒரு சொட்டு முழங்கையில் பட்டதற்கே நெருப்பாக எரிந்தது. சேசிஸ் நம்பர் இருக்கும் இடத்தில் ரிமூவர் மட்டும்தான். அங்கே கிரைண்டரோ சாண்ட் பேப்பரோ வைக்கக் கூடாது. நம்பர் மங்கிப்போனால் அந்த வண்டியை விற்கவும் முடியாது, வீதியில் மறித்தால் பதில் சொல்லவும் முடியாது. நிறத்தையும் நான் மாற்றவில்லை. பதிவுப் புத்தகத்தில் சிவப்பு, சின்னம்மாவுக்கும் சிவப்பு.

சாண்ட் பிளாஸ்ட் செய்யலாமே என்று ஒரு மச்சான் சொன்னான், அவனுக்குத் தெரிந்த இடத்தில் கடற்கரை மண்ணிலேயே மலிவாக அடிப்பார்களாம். நான் வேண்டாம் என்றுவிட்டேன். கடல் மண்ணில் உப்பு இருக்கிறது. அதை அத்தனை வேகத்தில் இரும்பில் அடித்தால் உப்பைக் குழிக்குள் ஏற்றி வைப்பதாகத்தான் முடியும். அதோடு மண்ணை உடைத்துப் பறக்கும் சிலிக்காத் தூசு அடிக்கிறவரின் நுரையீரலில் போய்த் தங்கும், அந்த நோய்க்கு மருந்து இல்லை. சாலியின் தகடும் மெல்லியது, தெரியாத கையில் நெளிந்துவிடும்.

வயர் பிரஷ்ஷுக்கும் ஓர் எல்லை உண்டு. கிரைண்டரில் போட்டு ஓட்டினால் இரும்பு பளபளவென்று வரும், முடிந்தது என்று நினைப்போம். வெயிலில் சரித்துப் பார்த்தால் ஊசிமுனை அளவில் கறுப்புப் புள்ளிகள் தெரியும். பிரஷ் அந்தக் குழிகளுக்குள் போகவில்லை, மேலே உள்ள கறளைத் தேய்த்து மினுக்கி மூடிவிட்டது. உப்பு அந்தக் குழிகளின் அடியில்தான் குந்தியிருக்கும். பிரேமுக்குப் பொஸ்போரிக் அமிலம் உள்ள கறள் நீக்கியைப் பிரஷ்ஷால் பூசி, காய விடாமல் நனைத்து நனைத்து, நைலோன் பிரஷ்ஷால் தேய்த்தேன். இரண்டு சுற்றுக்குப் பிறகு புள்ளிகள் சாம்பல் நிறமாகின.

சின்னச் சாமான்களுக்கு வேறு வழி. பின் ஆர்ம், நடு ஸ்டாண்ட், கால் மிதிக் கம்பி, முன் கூடையின் தாங்கி எல்லாம் ஒரு நீலப் பரலுக்குள் போயின. 60 லீட்டர் குழாய்த் தண்ணீர், 4 லீட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் சலவைச் சோடா. பரலின் உள்ளோரம் சுற்றிவரப் பழைய கொங்கிறீட் கம்பித் துண்டுகளை நிறுத்தி, எல்லாவற்றையும் வயரால் தொடுத்து, பட்டரி சார்ஜரின் நேர் முனையைக் கொடுத்தேன். நடுவில் தொங்கும் சாமானுக்கு எதிர் முனை. இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. சுவிட்சைப் போட்டதும் சாமானைச் சுற்றி மெல்லிய நுரை எழும்பும். ஒரு இரவு விட்டுக் காலையில், சார்ஜரை அணைத்த பிறகு, தூக்கினேன். தாங்கியில் முந்தின நாள் செதில் செதிலாக நின்ற கறள், கறுத்த சேறாகி விரலோடு வழுக்கி வந்தது. அடியில் இருந்த தகட்டில் தொழிற்சாலையில் அடித்த எழுத்துக்கூட வாசிக்கக் கூடியதாக இருந்தது.

இதில் மூன்று விடயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். எழும்பும் நுரை ஹைட்ரஜன், திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும், பக்கத்தில் நெருப்பு ஆகாது. சுற்றிவரக் கட்டும் இரும்பாக ஸ்டெயின்லஸ் ஸ்டீல் போடக் கூடாது, தண்ணீர் குரோமிய நஞ்சாகிவிடும். சோடாவுக்குப் பதில் சாப்பாட்டு உப்புப் போட்டாலும் மின்சாரம் ஓடும், ஆனால் குளோரின் வாயு வரும், உப்பை எடுக்கப் போய் உப்பில் ஊற வைத்ததாகவும் ஆகும். ஸ்பிரிங்குகளையும் உறுதியான எஃகுப் போல்ட்டுகளையும் நான் இதற்குள் போடவில்லை. ஹைட்ரஜன் ஊறினால் கடின எஃகு முறுகிப்போய் உடையும்.

மறுகா கழுவுவது. முழு வேலையிலும் நான் அதிகமாக நேரம் கொடுத்தது இதற்குத்தான். பிரேமை முருங்கைக் கொப்பில் தொங்கவிட்டு, கொதிக்கக் கொதிக்கக் குழாய்த் தண்ணீர் ஊற்றி, தகடு சேரும் மடிப்பு நெடுகப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். உள்ளுக்குள்ளும் குழாயை விட்டு அலசினேன். ஒவ்வொரு தரமும் கடைசியில் கொஞ்சம் பட்டரித் தண்ணீரை ஊற்றி, மடிப்பிலிருந்து வடிவதைக் கிளாஸில் ஏந்திச் சொட்டு விட்டேன். முதல் தரம் பால். இரண்டாம் தரம் பால். மூன்றாம் தரம் தண்ணீர் விட்ட மோர். மடிப்புக்குள் இவ்வளவு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கழுவுவது, வெயிலில் காய விடுவது, மறுபடி கழுவுவது என்று மூன்று நாள். ஆறாம் தரம்தான் கிளாஸ் கலங்காமல் நின்றது. கடைசிச் சுற்றில் பிரேம் முழுவதையும் பட்டரித் தண்ணீரால் அலசினேன், ஏழு போத்தல் முடிந்தது.

கழுவிய இரும்பு கண் முன்னாலேயே மஞ்சள் பூக்கும். அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை, அது மேலோட்டமானது. நல்ல வெயிலில் பிரேம் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும்போது கடைசித் தண்ணீரை ஊற்றினால் ஊற்றிய கையோடு உலர்ந்துவிடும், மஞ்சளும் குறையும். மிஞ்சியதை 180 நம்பர் சாண்ட் பேப்பரால் தேய்த்து, தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால், துணி அழுக்காகாமல் வரும்வரை, துணியை மாற்றி மாற்றித் துடைத்தேன். பொஸ்போரிக் அமிலம் மீந்து நின்றால் அடுத்து அடிக்கும் எபொக்சிப் பிரைமர் சரியாகப் பிடிக்காது, இறுகாது. இத்தனை தண்ணீர் ஊற்றியதில் அதுவும் போயிருந்தது.

இதற்கிடையில் பவுடர் கோட்டிங் பற்றியும் விசாரித்தேன். கேற், ஜன்னல் கிறில்களுக்குச் செய்கிற இடத்தில் பைக் பிரேமும் எடுப்பார்கள். தூளுக்கு மின்னேற்றம் கொடுத்து இரும்பில் ஒட்டவைத்து, பிறகு ‘அவன்’ (oven) அடுப்பில் 180, 200 பாகை செல்சியஸ் சூட்டில் 10 முதல் 20 நிமிடம் வைத்து உருக்குவது. அந்தச் சூடு இரும்புக்கே ஏற வேண்டும், அவனின் காற்றுக்கு ஏறினால் காணாது. வீட்டில் செய்வதென்றால் பிரேம் கொள்ளும் அளவுக்கு அவன் வேண்டும். சாப்பாடு செய்யும் அவனில் சின்னச் சாமானைக்கூட வைக்கக் கூடாது. நல்ல உறுதியான பூச்சுத்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் எனக்கு இரண்டு தயக்கம். மடிப்புக்குள் பழைய கிரீஸ் கொஞ்சம் இருந்தாலும் அந்தச் சூட்டில் அது ஆவியாகி மேற்பூச்சில் ஊசித்துளை விடும். எங்கள் ஊரில் கறள் பிடிக்க ஊசித்துளை போதும். அடுத்தது, ஒரு கல் தெறித்துச் சின்னதாக உடைந்தால் அந்த இடத்தால் உப்பீரம் நுழைந்து அடியிலேயே ஊர்ந்து போகும். மேலே பிளாஸ்டிக் மாதிரி முழுதாக இருக்கும், ஒரு நாள் தட்டையாகக் கழன்று வரும். அதைப் பிரஷ்ஷால் தொட்டுத் திருத்தவும் முடியாது. கடற்கரையில் ஓடும் வண்டிக்கு நானே வீட்டில் திருத்தக்கூடிய பூச்சுத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

ஆனி கடைசியில் கச்சான் நன்றாக வீசத் தொடங்கியது. கச்சான் சூடான காய்ந்த காற்று, பெயின்ட்டுக்கு நல்லது; ஆனால் புழுதியையும் கொண்டு வரும். பின்னேரம் திரும்பிக் கடற்காற்று வந்தால் அதில் ஈரமும் உப்பும். விடிய என்றால் இரும்பில் பனி நிற்கும். இரும்பு, பனி படியத் தொடங்கும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 பாகையாவது சூடாக இருக்க வேண்டும் என்று எபொக்சித் தாளில் எழுதியிருந்தது. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் எனக்குக் கிடைத்தது காலை 9 மணிக்கும் 11 மணிக்கும் இடைப்பட்ட நேரம். மாமரத்தின் கீழே நாலு கம்பு நட்டு நுளம்பு வலை கட்டி, காற்று வரும் பக்கம் பொலித்தீன் இழுத்து, நிலத்தை நனைத்துவிட்டேன்.

எபொக்சி இரண்டு பேணி. என்னுடையது பெயின்ட் 4 பங்குக்கு அதை இறுக்கும் ஹார்ட்னர் 1 பங்கு. கலக்கி 20 நிமிடம் சும்மா வைத்திருக்க வேண்டும், பிறகுதான் பாவனை. எங்கள் வெயிலில் அது தாளில் சொன்ன நேரத்தைவிட முந்தியே தடிக்கும், அதனால் சின்னச் சின்னதாகக் கலந்தேன். முதலில் ஸ்பிரே கன்னை எடுக்கவில்லை, அரை அங்குலப் பிரஷ்ஷை எடுத்தேன். தகட்டு விளிம்பு, துளைகளின் ஓரம், வெல்டிங் மேடு, அந்த மடிப்பு, இவற்றுக்கெல்லாம் பிரஷ்ஷால் குத்திக் குத்தி ஒரு பூச்சு. பெயின்ட் காயும்போது கூரான விளிம்பிலிருந்து விலகி இரண்டு பக்கமும் இழுபடும். தட்டையான இடத்தில் தடிப்பாக இருக்கும், விளிம்பில் தோல் மாதிரித்தான் நிற்கும். கறள் முதலில் விளிம்பில் தலை காட்டுவது அதனால்தான். 1924இல் கட்டிய எங்கள் பழைய கல்லடிப் பாலத்தில் போய்ப் பாருங்கள், நடுத் தகட்டைவிட ஆணித் தலையும் தகட்டு ஓரமும்தான் கூடக் கறளாக இருக்கும். சின்ன வயதிலிருந்து அந்தப் பாலத்தால் போய் வந்தும் இதை இப்போதுதான் பார்க்கத் தெரிந்தது.

விளிம்புகள் தொட்டால் ஒட்டாத அளவுக்கு வந்த பிறகு கன்னால் மெல்லியதாக இரண்டு கோட். மரைத் துளைகளுக்குப் பழைய போல்ட்டுகளைப் பூட்டிவிட்டேன். ஹேண்டில் கழுத்தின் குண்டுக் கிண்ணங்களுக்கும், எர்த் வயர் பூட்டும் இடத்துக்கும் டேப். எர்த் இடம் வெறும் இரும்பாக இருக்க வேண்டும். 6 வோல்ட்டில் ஓடும் லைட்டுக்கு அங்கே பெயின்ட் ஒரு மயிரிழை இருந்தாலும் மங்கிவிடும். பூட்டும்போது கிரீஸ் தடவினால் போதும். சேசிஸ் நம்பருக்கு மேல் ஒரே ஒரு மெல்லிய கோட்.

சிவப்பை நான் அடிக்கவில்லை. சாலியின் டாங்க் சீட்டுக்குக் கீழே. பெற்றோல் ஊற்றும்போது சிந்தினால் நேரே பிரேமில்தான் வழியும். சாதாரண எனாமல் அதில் சுருங்கும். ஹார்ட்னர் கலக்கும் 2கே பெயின்ட்தான் தாங்கும், வெயிலுக்கும் வெளுக்காது. அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேற்று இருக்கிறது. அடிக்கும்போது பறக்கும் புகாரை மூச்சில் எடுத்தால் ஆஸ்துமா வரும், ஒரு தரம் ஒவ்வாமை வந்தவருக்குப் பிறகு கொஞ்சம் பட்டாலே வரும். வாசம் வைத்து அளவைக் கண்டுபிடிக்க முடியாது, அதனால் கடையில் வாங்கும் கார்ட்ரிஜ் முகமூடியை நம்பி நான் வீட்டில் அதை அடிக்க மாட்டேன். காத்தான்குடியில் எனக்குத் தெரிந்த பெயின்டர் காக்கா ஒருவரிடம் சுத்தமான காற்றைக் குழாயால் கொண்டுவரும் முகமூடி இருக்கிறது. பிரேமைப் பொலித்தீனில் பொதி மாதிரிச் சுற்றி ஓட்டோவில் கொண்டு போனேன். கடலோர ரோட்டால் திறந்து கொண்டு போக மனம் வரவில்லை.

அவர் பொதியை அவிழ்த்து, பிரேமைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மடிப்பு நெடுகப் பெருவிரலை ஓட்டினார்.

“யார் தம்பி இந்தப் பிரைமர் அடிச்ச?”

“நான்தான் காக்கா.”

“ஓரமெல்லாம் பிரஷ்ஷால போட்டிருக்கீங்க. நல்லம். மத்த வேல என்ட.”

எனக்கு அது போதும் என்று இருந்தது.

எபொக்சிக்கு மேல் அடிக்க வேண்டிய கால அளவு தாண்டி நாலு நாள் ஆகிவிட்டதால் அவர் முழுவதையும் 400 நம்பரால் தண்ணீரோடு தேய்த்தார். அந்தத் தண்ணீர் எது என்று கேட்டேன். குழாய்த் தண்ணீர்தான். அப்படியிருந்தும் கையோடு கொண்டுபோன பட்டரித் தண்ணீரைக் கொடுத்தேன். என்ன ஏது என்று கேட்காமல் அதால் கடைசித் துடைப்பைத் துடைத்தார்.

நிறம் பிடித்தது பார்க்க வேண்டிய காட்சி. வெயில் படாத பழைய சிவப்பு எங்கே மிஞ்சியிருக்கும் என்று கேட்டார். சீட் பிணைச்சலின் அடித்தகட்டை நான் சுரண்டாமல் வைத்திருந்தேன். அதில் இருந்தது நாங்கள் இத்தனை காலம் பார்த்துப் பழகிய சிவப்பே இல்லை. பழுத்த ஜம்புக்காய் மாதிரி ஒரு ஆழமான சிவப்பு. பேணியில் சிவப்பை ஊற்றி, குச்சியால் தொட்டு ஒரு சொட்டு மெரூன், பிறகு மஞ்சள் ஒரு துளி, பழைய பேணி மூடியில் விரலால் இழுத்து, வெளியே வெயிலில் கொண்டுபோய் இரண்டையும் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பார். திரும்பி வந்து இன்னொரு துளி. “ஈரத்துல பாத்தா ஏமாத்தும் தம்பி, காஞ்சா கொஞ்சம் கறுக்கும்” என்று மூடியைக் காயவைத்து மறுபடி பார்த்தார். ஐந்தாவது மூடியில் எது பழையது, எது புதியது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கு மேல் நிறமில்லாத கிளியர் பூச்சு அடிக்க வேண்டாம் என்றேன். ஒரே படையாக இருந்தால் பிறகு தொட்டுத் திருத்துவது சுலபம். அவரும் அதுதான் சரி என்றார்.

வீட்டுக்குக் கொண்டு வந்து ஒரு கிழமை தொடாமல் தொங்கவிட்டேன். தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே இறுக நாள் வேண்டும். அவசரமாக வாஷர் போட்டு இறுக்கினால் பெயின்ட் நசுங்கி வளையமாகக் கிழியும். பிறகுதான் பிரேமின் உள்பக்கம். உள்ளே கறள் பிடிக்காமல் அடிக்கும் மெழுகான காவிட்டி வெக்ஸ், அதன் நீளக் குழாய் பூட்டிய பேணியைத் துளைகளுக்குள் விட்டு, பிரேமைச் சுழற்றிச் சுழற்றி அடித்தேன். வடிகால் துளைகளால் வெக்ஸ் சொட்டும்வரை அடிக்க வேண்டும். சொட்டி முடிந்ததும் துளைகளைக் குச்சியால் திறந்துவிட்டேன். இதை மேற்பூச்சுக்கு முதல் செய்தால் ஒரு துளி வெக்ஸ் வெளியே கசிந்தாலே அந்த இடத்தில் பெயின்ட் பிடிக்காது. எங்கள் பக்கத்தில் பழைய என்ஜின் ஒயில் ஊற்றுவார்கள். அது ஒன்றும் இல்லாததற்குப் பரவாயில்லை, ஆனால் மாதக்கணக்கில் சொட்டி ரப்பர்களைக் கெடுக்கும்.

பூட்டுவதற்கு மூன்று பின்னேரம் எடுத்தது. புதுக் குண்டுகள், புதுப் புஷ், பின் ஆர்ம் போல்ட்டுக்கு நிறையக் கிரீஸ். பெயின்ட்டோடு முட்டும் ஒவ்வொரு நட்டுக்கும் அடியில் மெல்லிய நைலோன் வாஷர்.

தீர்த்தத்துக்கு ஐந்து நாள் முதல் ஊறணிக்கு ஓட்டிக்கொண்டு போய்க் கொடுத்தேன். சின்னம்மா கேற்றடியில் நின்று கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு சேலைத் தலைப்பால் டாங்க் மூடிக்குப் பக்கத்தைத் துடைத்துவிட்டு, “இது நான் வாங்கி வந்த அன்று இருந்த நிறம்” என்றார். ஜம்புக்காய் நிறத்தைப் பற்றி நான் அவருக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

ஐப்பசி மழையும் கார்த்திகை மழையும் போன பிறகு, மார்கழியில் ஒரு ஞாயிறு டோர்ச்சோடு போய்ப் பிரேமின் கீழே படுத்துப் பார்த்தேன். மடிப்பு நெடுக விரலால் தடவினேன். எங்கும் கொப்புளம் இல்லை. வடிகால் துளைகள் திறந்திருந்தன. நடு ஸ்டாண்ட் மேலே வந்து முட்டும் இடத்தில் மட்டும் மிளகு அளவில் சிவப்பு தெறித்துச் சாம்பல் நிற எபொக்சி தெரிந்தது, இரும்பு தெரியவில்லை. பட்டரித் தண்ணீரால் துடைத்து, காயவைத்து, காக்கா தந்த சின்னப் போத்தல் சிவப்பில் ஹார்ட்னர் ஒரு துளி கலந்து, தீக்குச்சி நுனியால் தொட்டு வைத்தேன்.